எதிர்க்கடைப் பலாப்பழம்

தென்காசி பஸ் ஸ்டாண்டைத் தாண்டினால் ஒரு தெரு. அந்தத் தெருவில் டீக்கடை ஒன்று, மருந்துக்கடை ஒன்று. மீதியெல்லாம் செல்போன் கடை.

அதில் ஆவுடையப்பன் கடையும் ஜெபமணி கடையும் எதிரெதிர். இவர் வாசலில் நின்று கொட்டாவி விட்டால் அவருக்கும் கொட்டாவி வரும். அவ்வளவு பக்கம்.

ஜெபமணி கண்ணாடிக் கதவு போட்டார். மறுநாளே ஆவுடையப்பனும் போட்டார். போன் வாங்கினால் தண்ணீர் பாட்டில் இலவசம் என்றார் ஜெபமணி. ஆவுடையப்பன் டிபன் கேரியர் என்றார். அவர் ஹாட்பாக்ஸுக்குப் போனார். இவர் குக்கருக்குப் போனார். போன் வாங்கிக்கொண்டு அந்தத் தெருவை விட்டு வெளியே வருகிறவர்களைப் பார்த்தால், தனிக்குடித்தனம் போகிறவர்கள் மாதிரி இருக்கும்.

ஜெபமணி வாசலில் கரடி வேஷம் போட்டு ஒருவரை ஆடவிட்டார். ஆவுடையப்பன் யானையை இறக்கினார். குற்றாலத்துச் சாரல் ஊருக்குள் எட்டிப் பார்த்ததும், கரடியும் யானையும் டீக்கடைக்குள் ஒதுங்கி ஒரே வடையைப் பிய்த்துத் தின்றன.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜெபமணி கடையில் சோபா வந்து இறங்கியது. ரிப்பேர் மேசை இருந்த இடத்தில் சோபா. மேசையை உடைத்தாயிற்று. மெக்கானிக்கையும் அனுப்பியாயிற்று.

ஆவுடையப்பனுக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

"இசக்கி, அந்தாளு ஏன் சோபா போட்டாரு?" என்று தன் கடையில் வேலை பார்க்கும் பெண்ணிடம் கேட்டார்.

"உக்காரத்தான் அண்ணாச்சி."

"அது தெரியுது. உள்ள என்ன காரணம் இருக்கும்?"

"காலு வலிச்சிருக்கும்."

ஆவுடையப்பனுக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெபமணி சும்மா ஒரு காரியம் செய்கிறவர் இல்லை. யாரோ கம்பெனி அதிகாரி காதைக் கடித்திருக்க வேண்டும். இனிமேல் யாரும் போனை ரிப்பேர் பார்க்கப் போவதில்லை, உடைந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிவிடுவார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நாம் ஒருத்தர்தான் பழைய காலத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

அன்றைக்கே அவரும் சோபாவுக்குச் சொல்லிவிட்டார். அதைவிடப் பெரிது. மூலையில் வளைந்து போகிற மாதிரி. மேசையை உடைக்கத் திங்கட்கிழமை வரச் சொல்லி ஆசாரிக்கும் போன் போட்டாயிற்று.

ஆனால் அந்த மேசையில் காளிராஜ் இருந்தார். கடை திறந்த நாளிலிருந்து இருக்கிற மெக்கானிக். அருவியில் குளித்துவிட்டு வந்த போன்கள் அவர் முன்னால் வரிசையாக மல்லாந்து கிடந்தன. ஒவ்வொன்றையும் திறந்து, துடைத்து, காயவைத்து, உயிர் வந்ததும் சொந்தக்காரரைவிட அவர் அதிகமாகச் சிரிப்பார்.

"அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குக் காதுகுத்து," என்றார் காளிராஜ். "நீங்க வராம ஆரம்பிக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"ம்," என்று ஆவுடையப்பன் மின்விசிறியைப் பார்த்தார்.

எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா? எதிர்க்கடை சோபாவைப் பார்த்தால் சொல்லிவிடத் தோன்றியது. காளிராஜ் முகத்தைப் பார்த்தால் நாக்கு உள்ளே போனது. குடையை எடுத்துக்கொண்டு டீச்சரைப் பார்க்கக் கிளம்பினார்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. பெயர் நாச்சியார். ஆவுடையப்பனின் கடைசித் தங்கையைவிட இளையவர். முன்னே ஒரு செல்போன் கம்பெனியில் பெரிய வேலை. ராஜபாளையம் முதல் செங்கோட்டை வரை உள்ள கடைக்காரர்களை லாட்ஜ் ஹாலில் உட்காரவைத்து, சாக்பீஸ் பிடித்து வியாபாரம் சொல்லிக் கொடுப்பார். அதனால் டீச்சர். முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிய ஆவுடையப்பன், முதல் சிஷ்யன் நான்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வார்.

அந்தக் கம்பெனி போட்டியில் மூழ்கிப் போனது. டீச்சரும் மூழ்கியிருப்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் தெருக்கோடியில் ஒரு சின்னக் கடை பிடித்து, போனுக்கு பேக் கவர் மட்டும் விற்க உட்கார்ந்தார். "அந்த மாடல் நின்னுபோச்சே" என்று மற்ற கடைகளில் கைவிரித்த பிறகு, ஜனங்கள் நேரே அங்கேதான் வருவார்கள். அவரிடம் இருக்கும்.

"டீச்சர், ஒரே ஒரு கேள்வி," என்றார் ஆவுடையப்பன்.

"கேளுங்க அண்ணாச்சி."

"ஜெபமணியை எப்படி ஜெயிக்கிறது?"

நாச்சியார் ஒரு கவரைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார். "மேசையை எடுக்கப் போறீங்களாமே?"

"தெருவுக்கே தெரிஞ்சு போச்சா?"

"காளிராஜைத் தவிர."

ஆவுடையப்பன் குடைக்கம்பியை நோண்டினார்.

"ஆசாரி எப்போ வர்றாரு?"

"திங்கக்கிழமை."

"அப்போ நேரம் இருக்கு. ஒரு பலாப்பழம் வாங்குங்க. நல்ல பெருசா. கடை வாசல்ல ஸ்டூலைப் போட்டு அதுமேல வையுங்க. சந்தனம் குங்குமம் வையுங்க. யாரு என்ன கேட்டாலும் சிரிக்கணும். வாயைத் திறக்கக் கூடாது."

"எதுக்கு டீச்சர்?"

நாச்சியார் சிரித்தார். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை பழம் ஸ்டூலில் ஏறியது.

"இதைக் கொடுத்துட்டுப் புதுப் போன் வாங்கிக்கலாமா அண்ணாச்சி?" என்றாள் இசக்கி.

ஆவுடையப்பன் சிரித்தார்.

"பழம் என்ன விலை?" என்று பஸ்ஸுக்குப் போகிற ஒருவர் கேட்டார். அவருக்கும் ஒரு சிரிப்பு கிடைத்தது.

எதிர்க் கண்ணாடிக் கதவில் ஜெபமணியின் மூக்கு வந்து ஒட்டியது. கொஞ்ச நேரத்தில் கரடி தெருவைக் கடந்து வந்தது. பழத்தை ஒரு சுற்றுச் சுற்றியது, குனிந்து முகர்ந்தது, திரும்பிப் போய் முதலாளி காதில் ஏதோ சொன்னது.

அடுத்த நாள் ஜெபமணி வாசலிலும் ஸ்டூல். மேலே ரெண்டு பலாப்பழம். ரோஜா மாலை வேறு.

அதற்கப்புறம் தெருவே பற்றிக்கொண்டது. பக்கத்துக் கடையில் பலாப்பழம். அதற்கடுத்த கடையில் பலாப்பழத்துக்குக் குடை. மருந்துக்கடை ஓரமாக இருந்தவருக்குப் பழம் கிடைக்கவில்லை போல, அன்னாசியை வைத்துச் சமாளித்தார். மதுரையிலிருந்து ஒரு கம்பெனி அதிகாரி போன் போட்டு, "சார், இந்தப் பலாப்பழ ஸ்கீம் எந்தக் கம்பெனி விட்டிருக்கு? எங்களுக்கு யாருமே சொல்லலையே," என்று அழாக்குறையாகக் கேட்டார்.

ஆவுடையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றெல்லாம் வாசலிலேயே நின்று எதிர்க்கடையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். சாயங்காலம் டீச்சரிடம் ஓடினார்.

"டீச்சர், ஜெயிச்சுட்டோம்!"

"என்ன ஜெயிச்சோம்?"

"ஜெபமணி ரெண்டு பழம் வச்சுட்டான்!"

"ஏன் வச்சாரு?"

"நான் வச்சேன்ல, அதான்."

"நீங்க ஏன் வச்சீங்க?"

"நீங்க சொன்னீங்க."

"நான் ஏன் சொன்னேன்?"

ஆவுடையப்பன் யோசித்தார். "அது தெரியாது."

"ஜெபமணிகிட்டக் கேட்டீங்களா, ஏன் வச்சாருன்னு?"

"அதைப் போய்க் கேக்கணுமா டீச்சர்? குரங்குப் பய, பாத்து வச்சிருப்பான்."

"போய்க் கேளுங்க," என்றார் நாச்சியார். "அப்படியே சோபாவையும் கேட்டுட்டு வாங்க."

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு நின்றது. எதிர்க்கடைப் படியை அவர் மிதித்ததே இல்லை. அங்கே என்ன விளக்கு எரிகிறது, யார் வருகிறார், யார் போகிறார் எல்லாம் தெரியும். உள்ளே எப்படி இருக்கும் என்று தெரியாது. ஆனால் டீச்சர் சொல்லிவிட்டார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார்.

ஜெபமணி சோபாவில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார்.

"வாரும்வே," என்றார். "உளவு பாக்க நேராவே வந்துட்டீரா? ஆளு விடுத காசு மிச்சம்."

"பலாப்பழம் ஏன்வே வச்சீரு?"

"நீரு ஏன் வச்சீரு?"

"நான்தானவே மொதல்ல கேட்டேன்."

ஜெபமணி வாசலைப் பார்த்தார். குரலை இறக்கினார். "உமக்கு ஏதோ ரகசியம் தெரிஞ்சுதான் பழத்தை வச்சிருக்கீருன்னு நெனச்சேன். விடியக்காலைல செங்கோட்டை போய்த் தூக்கிட்டு வந்தேன்வே. வீட்டுல அவ கேக்கா, போன் கடைக்கு எதுக்குப் பலாப்பழம்னு. நான் என்னத்தச் சொல்ல? சிரிச்சேன்."

"சரி, போகட்டும். இந்தச் சோபா?"

"அதுவும் உம்மைப் பாத்துதான்!"

"என்னைப் பாத்தா? எங்கிட்ட ஏதுவே சோபா?"

"சோபா இல்லவே. சாரல் விட்டு ஒருநாள் பளிச்சுன்னு வெயில் அடிச்சுதுல்லா? அன்னைக்குக் காலைல நீரு ரிப்பேர் மேசையைத் தூக்கித் தெருவுல போட்டீரு. ஆகா, இவன் ரிப்பேரை விட்டுட்டான், இதுல ஏதோ விஷயம் இருக்கு, நாம முந்திக்கணும்னு மத்தியானத்துக்குள்ள என் மேசையை உடைச்சுட்டேன். மெக்கானிக்குக்கும் கணக்கு முடிச்சாச்சு."

ஆவுடையப்பனுக்குக் கண் விரிந்தது. "அது கரையான்வே!"

"என்னது?"

"மேசைக் கால்ல கரையான். மருந்தடிச்சு வெயில்ல காயப் போட்டேன். சாயங்காலமே உள்ள தூக்கிப் போட்டுட்டேனே!"

"அதை ஏன் கேக்கீரு? உம்ம மேசை திரும்ப உள்ள போறதைப் பாத்து எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. உடைச்சதை ஒட்டவா முடியும்? கௌரவத்துக்கு ஒரு சோபா வாங்கிப் போட்டேன்."

"அந்தச் சோபாவைப் பாத்துட்டு நான் என் மேசையை உடைக்க ஆசாரியை வரச் சொல்லியிருக்கேன்வே."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். முதலில் ஜெபமணியின் தொந்தி குலுங்கியது. பிறகு ஆவுடையப்பன் சோபாவில் விழுந்தார். வாசலில் நின்ற கரடி என்னவோ ஏதோ என்று தலையைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தது.

ஜெபமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சிரிக்காதியும்வே. அருவியில நனைஞ்ச போனெல்லாம் இங்க வந்து, மேசை இல்லைன்னு தெரிஞ்சு உம்ம கடைக்குத் திரும்புது. நான் இதுல உக்காந்து வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கேன். அந்த ஆசாரியை இங்க அனுப்பும். எனக்கு மேசை செய்யணும்."

"உமக்கு வேணும்னு செய்யுதீரா, எங்கிட்ட இருக்குன்னு செய்யுதீரா?"

ஜெபமணி தலையைச் சொறிந்தார். "அதை ராத்திரி யோசிச்சுச் சொல்லுதேன். போன மெக்கானிக்கை எப்படிவே திரும்பக் கூப்பிடுறது?"

"போன் பண்ணிக் கூப்பிடும். போன் கடைதானவே வச்சிருக்கீரு?"

அங்கிருந்தபடியே ஆவுடையப்பன் சோபாக் கடைக்குப் போன் போட்டு வேண்டாம் என்றார். பிறகு ஆசாரியைக் கூப்பிட்டு, உடைக்க வர வேண்டாம் என்றார்.

"உடைக்கச் சொல்லுதீங்க, வேண்டாங்கீங்க. அண்ணாச்சி, உங்க தெருவுல என்னதான் நடக்கு? என் மச்சான் சொல்லுதான், எல்லாக் கடையிலயும் பலாப்பழம் விக்கீங்களாமே?" என்றார் ஆசாரி.

ஆவுடையப்பன் தன் கடைக்குத் திரும்பினார். ரிப்பேர் மேசை ஓரத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காளிராஜ் ஒரு போனை ஊதிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடிந்தது. எந்தப் பேச்சும் பெரிதாக இல்லை. காதுகுத்துக்குத் தாய்மாமன் வீட்டார் வருகிறார்களா, சமையல் யார் என்று ஏதோ பேசினார்கள்.

அடுத்த நாள் தெருவில் எல்லா ஸ்டூல்களும் உள்ளே போய்விட்டன. பழங்களை ஆளாளுக்கு அறுத்து, பஸ்ஸுக்குப் போகிறவர்களுக்கெல்லாம் சுளை கொடுத்தார்கள். ஆவுடையப்பன் ஒரு தட்டு நிறையச் சுளை எடுத்துக்கொண்டு டீச்சர் கடைக்கு வந்தார்.

நாச்சியார் ஒரு சுளையை எடுத்துக் கொட்டையை நீக்கினார். "நல்லா இருக்கு. யார் கடைப் பழம்?"

"ஜெபமணி கடைது. எங்க கடைப் பழம் கொஞ்சம் சப்புன்னு இருந்துச்சு."

சாரல் மறுபடி தொடங்கியிருந்தது. அந்தத் தெருக்கோடியிலிருந்து பார்த்தால் ரெண்டு கடை வாசலும் தெரியும்.

"டீச்சர், எல்லாம் சரி," என்றார் ஆவுடையப்பன். "நான் வந்து கேட்ட கேள்விக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை."

"என்ன கேட்டீங்க?"

"ஜெபமணியை எப்படி ஜெயிக்கிறது?"

நாச்சியார் கையைத் துடைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். "ஜெபமணி கடைக்குள்ள ஒருத்தர் போறாரே, சிவப்புச் சட்டை. அவரு யாரு?"

"அவரா? கீழப்புலியூர்க்காரர்," என்று ஆவுடையப்பன் உடனே ஆரம்பித்தார். "முந்தாநாளும் வந்தாரு, நேத்தும் வந்தாரு. மகளுக்குப் போன் வேணும், தவணையில கேக்காரு. நல்ல கேமரா இருக்கணுமாம். ஜெபமணி இன்னும் பிடி கொடுக்கலை."

"உங்க கடையில ஒரு அம்மா குடையை மடக்கிட்டு நிக்கிறாங்களே, அவங்க?"

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"தெரியலையே டீச்சர்."

"என்ன வேணும்னு வந்திருக்காங்க?"

"தெரியலையே."

நாச்சியார் இன்னொரு சுளையை எடுத்துக்கொண்டார்.

"ஜெபமணிக்கும் தெரியாது," என்றார். "நீங்க போய்க் கேளுங்க."