ரோசின் துடைத்த வில்

"இந்த ரோசின் சரியில்லை, மாஸ்டர்."

தைநாயகி வந்ததும் வராததுமாகச் சொன்னாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குற்றப்பத்திரிகை வாசிக்கிற பழக்கம் அவளுக்கு.

செராபின் தலையசைத்தார். "போன வாரம் வாங்கினது?"

"அதுவும் சரியில்லை. அதுக்கு முன்னால வாங்கினதும் சரியில்லை."

பையைத் திறந்து மேசையில் கொட்டினாள். சின்னச் சின்ன டப்பாக்கள். சிலது பச்சை, சிலது தேன் நிறம், ஒன்று கருப்பு. எல்லாமே பைன் மரத்துப் பிசினைக் காய்ச்சிக் கட்டியாக்கியவை. வில்லில் கட்டிய குதிரைமுடியில் இதைத் தேய்த்தால்தான் முடி தந்தியைப் பிடிக்கும். பிடித்தால்தான் சத்தம்.

தைநாயகிக்கு ஐம்பத்து நாலு வயது. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். ஒரு கச்சேரியில் டபுள் பேஸ் பக்கத்தில் உட்கார நேர்ந்து, அதன் சத்தம் காதுக்கு வராமல் உள்ளங்கால் வழியாக ஏறியதில், அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற அந்த வாத்தியத்தைப் பார்த்து மகன், "வயலின் கத்துக்கலாமேம்மா, கையில தூக்கிட்டுப் போகலாம்" என்றான். "தூக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன காய்கறியா வாங்குறேன்?" என்று கேட்டாள்.

செராபினுக்கு முப்பத்தொன்று. நகரத்துத் தந்தி இசைக்குழுவில் முதல் பேஸ். பெரம்பூரில் மாடி வீடு. அவள் அவரை மாஸ்டர் என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார்.

"எது நல்ல ரோசின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதையே வாங்கிட்டுப் போறேன்."

செராபின் டப்பாக்களின் மூடிகளைக் கழற்றினார். எல்லாவற்றையும் ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்தார். சித்திரை வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது.

"சாதகம் பண்ணுங்க" என்றார்.

பாடம் முடிந்து பார்த்தபோது, கருப்பு ரோசின் டப்பாவை விட்டு இறங்கி ஜன்னல் கட்டையில் பாகு மாதிரி ஓடியிருந்தது. தேன் நிறத்து ஒன்று ஓரம் வழிந்திருந்தது. பச்சை மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி அப்படியே இருந்தது.

"அப்ப பச்சைதான் நல்லது" என்றாள்.

செராபின் பச்சையையும், ஓடியதில் மீந்த கருப்பையும் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். அங்கே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளைக் கூப்பிட்டார்.

பச்சையைத் தேய்த்த வில் தந்தி மேல் வழுக்கியது. கருப்பைத் தேய்த்தது கப்பென்று பிடித்தது.

"அப்ப கருப்புதான் நல்லதா?"

"நீங்க எந்த ரூம்ல வாசிக்கப் போறீங்க?"

கேட்டுவிட்டு அவர் ஜன்னல் கட்டையைக் கத்தியால் சுரண்டப் போய்விட்டார்.

*

இன்னொரு நாள்.

"சத்தம் கரகரங்குது, மாஸ்டர். ரோசின் பத்தலை."

அவர் முன்னாலேயே தேய்த்தாள். மேலும் கீழுமாக, அடிப்பிடித்த பாத்திரம் விளக்குகிற வேகத்தில். வாசித்தாள். இன்னும் கரகரத்தது. மறுபடி தேய்த்தாள்.

செராபின் வில்லை வாங்கினார். விரலால் குச்சியை ஒரு சுண்டு சுண்டினார். அவளுடைய கருநீலச் சேலை முழுக்க வெள்ளை ரோசின் தூள்.

"இதெல்லாம் என்ன?" என்றாள், சேலையைத் தட்டிக்கொண்டே.

"நீங்க வாசிக்காதது."

பிறகு கட்டியை எடுத்தார். வில்லின் அடியிலிருந்து நுனிக்கு, ஒரே பக்கமாக, அவசரமில்லாமல் இழுத்தார். திரும்ப வரும்போது முடியில் படாமல் வந்தார். இன்னும் ஓரிரு தடவை. அவ்வளவுதான். உலர்ந்த துணியால் தந்தியைத் துடைத்துவிட்டு வில்லை அவளிடம் நீட்டினார்.

தைநாயகி வாங்கிக்கொண்டாள். கோபம் இருந்தது. ஆனால் வில் பிடித்தது.

*

அந்த வருஷம் இசைக்குழுவில் நாலாவது பேஸ் இடம் காலியானது. தைநாயகி போய் வாசித்துக் காட்டினாள். வேறு யாரும் வராததால் எடுத்துக்கொண்டார்கள்.

குழுவை நடத்துகிறவர் ஃபிரெட்ரிக். கெட்டவர் இல்லை. காது மட்டும் ரொம்பப் பொல்லாதது. ஞாயிற்றுக்கிழமை பெரிய கச்சேரி. வெள்ளிக்கிழமை ஒத்திகை முடிந்ததும் அவளைத் தனியாக அழைத்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மேடையில நாலு பேஸ் நின்னா ஒரு கம்பீரம். மூணு நின்னா பல்லு விழுந்த மாதிரி இருக்கு. நீங்க கட்டாயம் நிக்கணும்."

"நிக்கிறேன் சார்."

"ஆனா உங்க வில் கரகரங்குது. ஒண்ணு பண்ணுங்க. முடியைச் சுத்தமாத் துடைச்சுட்டு வாங்க. ரோசினே வேண்டாம். சத்தம் வராது. கை மட்டும் மத்தவங்களோட சேர்ந்து போகட்டும். பார்க்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது."

கனிவாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. முப்பது வருஷம் மைதானத்தில் வெயிலைக் குடித்தவள். திட்டினால் திருப்பித் திட்டத் தெரியும். தடவிக் கொடுத்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

*

மறுநாள் காலை வில்லை மட்டும் எடுத்துக்கொண்டு செராபின் வீட்டு மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறினாள்.

"ரோசினை எப்படி எடுக்கிறது, மாஸ்டர்?"

"எதுக்கு?"

சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கொதிப்பார் என்று நினைத்தாள். அவனா அப்படிச் சொன்னான் என்று கேட்பார், போனை எடுப்பார் என்று நினைத்தாள்.

செராபின் அலமாரியைத் திறந்து ஸ்பிரிட் பாட்டிலையும் ஒரு வெள்ளைத் துணியையும் எடுத்து வைத்தார்.

"துணியில கொஞ்சமா நனைச்சுக்குங்க. மரத்துல படக்கூடாது. வார்னிஷ் போயிடும்."

தைநாயகி கொஞ்ச நேரம் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். துடைத்தாள். ஆஸ்பத்திரி வாசனை அறையில் பரவியது. துணி மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் அழுக்கே வராமல் போனது. முடி காய்ந்து பளபளவென்று வெளுத்து நின்றது.

"வாசிங்க" என்றார் செராபின்.

எழுந்து நின்று அவருடைய வாத்தியத்தை இடுப்பில் சாய்த்தாள். வில்லைத் தந்தியில் வைத்து இழுத்தாள்.

எண்ணெய் கொட்டிய தரையில் கால் வைத்தது போலிருந்தது. வில் போனது. தந்தி அசையவில்லை. அழுத்தினாள். இன்னும் வேகமாக வழுக்கியது. தோளிலிருந்து மொத்த பலத்தையும் இறக்கினாள். புஸ்ஸென்று காற்றுப் போகிற சத்தம்கூட முழுதாக வரவில்லை.

செராபின் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் வாசித்து முடிக்கும் வரை கேட்டார்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"ரொம்ப நல்லாயிருக்கு. ஒரு தப்புகூட இல்லை."

தைநாயகியின் முகம் சிவந்தது.

"என்ன பேச்சு பேசுறீங்க? வாசிச்சாத்தானே தப்பு வர்றதுக்கு?"

செராபின் ஸ்பிரிட் பாட்டிலை மூடினார்.

"பொணத்துக்குக்கூடத்தான் ஒரு தப்பும் வராது! ரோசினைக் கொடுங்க."

"எது?"

"ஹால்ல ஏசி. இளகுறதுதான் பிடிக்கும். கருப்பு."

அவரே எடுத்துத் தரட்டும் என்று காத்திருக்கவில்லை. டப்பாவை எடுத்தாள். அடியிலிருந்து நுனிக்கு, ஒரே பக்கமாக இழுத்தாள். கழுவிய முடி லேசில் பிடிக்கவில்லை. பொறுமையாக இழுத்தாள். வைத்து வாசித்தாள். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக முடிக்குப் பல் முளைத்தது. தந்தி முதலில் முனகியது, பிறகு இருமியது, பிறகு அந்த அறையின் ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்தது.

கரகரப்பு இருந்தது. இருக்கட்டும்.

"சாயங்காலம் கடைசி ஒத்திகை. நான் வாசிச்சா அவர் வெளிய அனுப்பிடுவாரா?"

"அனுப்பலாம்."

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நான் முதல் பேஸ். எனக்குப் போட்டிருக்கிறதை வாசிப்பேன்."

தைநாயகி வில்லை உறைக்குள் போட்டு, ஜிப்பை ஒரே இழுப்பாக இழுத்தாள். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

*

ஒத்திகையில், மற்ற எல்லாரும் ஓய்ந்து நாலு பேஸ் மட்டும் அடியிலிருந்து மெல்ல ஏறி வருகிற ஓர் இடம் வந்தது.

ஃபிரெட்ரிக் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"யாரது?"

வயலின்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செல்லோக்காரர் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நான்தான் சார்" என்றாள் தைநாயகி.

"நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லியிருந்தேன், மேடம்."

"சொன்னீங்க. சரின்னேன். அது பொய்."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். ஃபிரெட்ரிக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாளைக்குக் கச்சேரி. இது பிடிவாதம் பிடிக்கிற நேரமில்லை."

"மேடையில நிக்கணும்னா வாசிப்பேன் சார். வாசிக்கக் கூடாதுன்னா நிக்க மாட்டேன், இப்பவே கிளம்புறேன். நின்னுக்கிட்டு வாசிக்காம இருக்க எனக்குத் தெரியாது."

"கரகரங்குதே, உங்களுக்கே கேட்கலையா?"

"கேட்குது. கரகரப்பைத் திட்டுங்க, திருத்திக்கிறேன். சத்தம் வர்றதையே திட்டாதீங்க."



ஃபிரெட்ரிக் முதல் பேஸ் பக்கம் பார்த்தார். "செராபின், உன் ஸ்டூடண்ட்தானே? நீ கொஞ்சம் சொல்லேன்."

செராபின் தன் தந்திகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

 தைநாயகிக்குக் கோபம் தோளுக்கு ஏறியது.

"அவரை ஏன் கேட்கிறீங்க? நான் இங்கதானே நிக்கிறேன்."

ஃபிரெட்ரிக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரி. தனியா வாசிங்க. அந்த ஏறுற இடம்."

வில்லை வைத்தாள். முதல் இழுப்பே மணலில் தகரத்தைத் தேய்த்தது போல் வந்தது. நிறுத்தினாள். ஒத்திகைக்கு முன் அவசரத்தில் மறுபடி தேய்த்ததில் ரோசின் கூடிவிட்டது, தெரிந்தது.

கைக்குட்டையை எடுத்தாள். தந்தியைத் துடைத்தாள், ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழ் வரை. முப்பது பேர் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று துடைத்தாள். வில்லைக் கீழே தாழ்த்தி, குச்சியை ஒரு சுண்டு சுண்டினாள். தூள் பறந்தது.

பிறகு வாசித்தாள்.

வில் பிடித்தது. அடியிலிருந்து ஒவ்வொரு சுரமாக ஏறினாள். அழகாக வந்ததா என்று அவளுக்குத் தெரியாது. மேடைப் பலகை அதிர்ந்து உள்ளங்காலைத் தொட்டது மட்டும் தெரிந்தது. கடைசிச் சுரத்தை எவ்வளவு நேரம் பிடிக்கச் சொல்லியிருந்ததோ அவ்வளவு நேரம் பிடித்தாள்.

யாரும் கை தட்டவில்லை.

ஃபிரெட்ரிக் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"மூணாவது சுரம் சுருதி இறங்குது" என்றார். "கவனிச்சுக்குங்க. எல்லாரும் ஆரம்பத்துலருந்து."

*

ஒத்திகை முடிந்து வெளியே வந்தபோது தெருவில் சூடு இன்னும் இறங்கவில்லை. செராபின் அவளுடைய வாத்தியத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அவள் மறுபக்கம். இருவருமாக அதை வேனுக்குள் ஏற்றினார்கள்.

கதவைச் சாத்துவதற்கு முன் அவள் கேட்டுவிட்டாள்.

"அவர் உங்ககிட்டதானே கேட்டாரு, மாஸ்டர்? அவங்க வாசிக்கட்டும் சார்னு ஒரு வார்த்தை. அதுகூட உங்க வாயிலருந்து வரலையே?"

"சொல்லியிருந்தா அது சிபாரிசு ஆயிருக்கும், டீச்சர்."