உறை

பெரியாஸ்பத்திரியின் இதயப் பிரிவில் அன்று காலையிலேயே சண்டை. சண்டைக்கு வந்தது நோயாளி இல்லை, டாக்டர் நாச்சியார். நெடுங்காலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குப்பை கொட்டிவிட்டு, நாற்பது தாண்டி மேல்படிப்புக்கு வந்தவர். பாடம் சொல்லும் யாஸ்மின் அவரைவிட இளையவர். ஆனாலும் மேடம் மேடம்தான்.

“இது அநியாயம் மேடம். சந்தனராஜுக்குக் காய்ச்சல் விட்டாச்சு. ரத்தத்துல பாக்டீரியா இல்லேன்னு ரிசல்ட்டும் வந்தாச்சு. இன்னும் ஒரு மாசம் ஊசின்னு படுக்கப் போட்டா, ஆட்டோ யாரு ஓட்டுவா? அவன் பிள்ளைங்க மண்ணையா திங்கும்? டிஸ்சார்ஜ் எழுதிட்டேன். கையெழுத்துப் போடுங்க.”

ஏழை என்றால் எல்லோருக்கும் இளக்காரம். நாச்சியார் டிஸ்சார்ஜ் தாளை மேஜையில் தட்டி வைத்தார்.

யாஸ்மின் பேனாவைத் தொடவில்லை. சந்தனராஜின் எக்கோ படத்தைத் திரையில் ஓட்டினார். இதய வால்வின் நுனியில் சிறு கட்டி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

“இது என்ன?”

“வால்வுல பாக்டீரியா ஒட்டியிருக்கு. காயம்னா அடைக்க ஓடி வருமே தட்டணுக்கள், அதுங்க வந்து சுத்தி வளைச்சிருக்கு. ரத்தம் உறைஞ்சு கட்டியாயிருக்கு.”

“தலகாணிக்குப் போடுறோமே, அதுக்கு என்ன பேரு?”

ஒரு குடும்பம் தெருவில் நிற்கிறது, இந்தம்மா தலையணைக் கதை பேசுகிறார். “உறை” என்றார் நாச்சியார் வெடுக்கென்று.

“இந்த உறைக்குள்ள யாரு இருக்கா?”

“பாக்டீரியா.”

“மருந்து உள்ள போகுமா?”

“லேசுல போகாது.” நாச்சியாரின் குரல் இறங்கிவிட்டது.

“சரி, வீட்டுக்கு அனுப்பிட்டோம். உள்ள இருக்கிறது மறுபடி பெருகுது. கட்டி பிச்சுக்கிட்டு மூளைக்குப் போகுது. அப்புறம்?”

“கை கால் விழுந்துரும். உயிரே போனாலும் போகும்.”

நாச்சியாருக்குக் கோபம் திரும்பியது. இந்த முறை அது வேறு பக்கம் பாய்ந்தது.

“காக்க வந்ததுங்களே கிருமிக்கு வீடு கட்டிக் குடுத்திருக்கே. வேலியே பயிரை மேய்ஞ்ச கதை. துரோகம் மேடம் இது, பச்சைத் துரோகம்.”

யாஸ்மின் கையெழுத்தில்லாத தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

“திட்டாதீங்கக்கா. அதுங்களும் காப்பாத்தணும்னுதான் இப்படி அவசரமா ஓடி வந்துச்சு.”