ஏழாயிரம் அடி எடுத்து வைத்த சடையாண்டி

உடைகுளத்துச் சடையாண்டிக்கு நாலு படி ஏறினால் நெஞ்சு அடைத்தது. அவருடைய கூட்டாளிகள் மூக்கன், தவசி, சுருளி மூன்று பேரும் கலங்கிப்போனார்கள். ஆளும் போய்விடுவார், சீட்டாட்டத்துக்கு நாலாவது கையும் போய்விடும். அவரைக் கைத்தாங்கலாக டவுனுக்கு, டாக்டர் அமலோற்பவத்திடம் கூட்டிப் போனார்கள்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “தினமும் ஏழாயிரம் அடி எடுத்து வைங்க. முன்னெல்லாம் பத்தாயிரம்னு சொல்லுவோம். இப்போ வந்திருக்கிற ஆராய்ச்சியில ஏழாயிரமே போதும்னு சொல்றாங்க” என்றார்.

“மூவாயிரத்தைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. நல்ல மனுசங்க” என்றார் தவசி, பஸ்ஸில் வரும்போது.

மூக்கனுக்கு ஒரு சந்தேகம். “எடுத்து வைக்கணும், சரி. எங்கே வைக்கிறதுன்னு சொல்லலையே?”

பஸ் மூன்று நிறுத்தம் தாண்டும்வரை நால்வரும் யோசித்தார்கள். “நெஞ்சு யாருக்கு அடைக்குதோ, அவர் வீட்டுலதான் வைக்கணும்” என்று சுருளி தீர்ப்புச் சொன்னார். அதில் நியாயம் இருந்தது.

மறுநாள் தார்ச்சாலையில் நடந்து பார்த்தார்கள். எடுப்பதற்கு அடியே விழவில்லை. கண்மாய்க்கரை ஈரமண்ணுக்குப் போனார்கள். சடையாண்டி முன்னால் நடந்தார். மூக்கன் ஒவ்வொரு காலடியையும் விரல் உடையாமல் கரண்டியால் பெயர்த்தார். தவசி கூடையில் வாங்கினார். சுருளி எண்ணினார்.

அறுநூற்றுப் பன்னிரண்டில் எதிரே வந்த ஒருவர் மணி கேட்டார்.

“எட்டு” என்றார் சுருளி. பிறகு, “ஒன்பது, பத்து” என்று தொடர்ந்தார்.

நான்காம் நாள் சடையாண்டி வீட்டு அடுப்படிக் கதவு திறக்கவில்லை. அவர் மனைவி பேச்சியம்மா அடுப்பை வாசலுக்குக் கொண்டுவந்தார். இடது கால் மண்ணும் வலது கால் மண்ணும் கலந்துவிடக் கூடாது என்று தவசி அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். நன்றாக இறங்கியிருந்தது. “நடை பலன் கொடுத்திருக்கே” என்று சந்தோஷப்பட்டார்.

“பலன்தான் டாக்டர். வீட்டுக்குள்ள போகத்தான் வழியில்லை” என்றார் கூட வந்திருந்த பேச்சியம்மா.

விஷயத்தைக் கேட்டதும் டாக்டர் சொன்னார்: “நடந்தாலே போதும். மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டிடுங்க.”

“கொட்டினா வந்த குணம் போயிடாதா?” என்று மூக்கன் தயங்கிக் கேட்டார்.

“போகாது. எண்ணெய்ப் பலகாரத்தை நினைச்சுத்தான் எனக்குக் கவலை. கொஞ்சம் வாயைக் கட்டணும், அவ்வளவுதான்.”

அடுத்த மாதம் நான்கு பேரும் வந்தார்கள். மூக்கன், தவசி, சுருளி மூவருடைய வாயும் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது. நடுவில் சடையாண்டி காகிதத்தில் சுற்றிய மெதுவடையைத் தின்றுகொண்டிருந்தார்.

“என்ன இது?” என்றார் டாக்டர்.

சடையாண்டி வடையை விழுங்கிவிட்டுப் பணிவாகச் சொன்னார்: “எல்லாத்தையும் ஒரே ஆள் செய்ய முடியுமா டாக்டர்? வேலையைப் பிரிச்சுக்கிட்டோம். நடக்கிறது நான். வாயைக் கட்டுறது அவங்க.”