ஒற்றைக்கால் பெஞ்சு

நாவற்குளத்தில் தவசி, கொண்டல், ஒச்சப்பன் என்று மூன்று சிநேகிதர்கள் இருந்தார்கள். யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்துவிடுவார்கள். ஊரில் அவர்களுக்கு இருந்த ஒரே கெட்ட பெயர் அதுதான்.

பள்ளிக்கூடத்தில் தன் பரீட்சைத்தாளைப் பார்த்து இவர்களை எழுதவிட்ட மகராசி செங்கமலம். அவள் ஆவணியில் கல்யாணமாகிப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டாள். பரிசோடு போய்ப் பார்க்க வேண்டும். தவசிக்கு ஒரு பயம். அவள் புருஷன் நல்லபெருமாள் எப்படிப்பட்டவரோ. 'இனிமே இந்தப் பக்கம் வராதீங்க' என்று சொல்லிவிட்டால், இருக்கிற ஒரே சிநேகிதியும் கைவிட்டுப் போவாள்.

அக்காவிடம் யோசனை கேட்டான். துணி துவைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: "கல்யாணமான பொண்ணுடா. அவளுக்குன்னு தனியா குடுக்காதீங்க, ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கணும். அவ வீட்டுக்காரர் கையில குடுங்க. அவரு இல்லாதப்போ உள்ள போகாதீங்க."

மூவரும் குளத்தங்கரையில் கூடினார்கள்.

"சேலை எடுத்தா அவளுக்கு, வேட்டி எடுத்தா அவருக்கு," என்றான் கொண்டல்.

"ரெண்டையும் சேர்த்துத் தைச்சுட்டா?" என்றான் ஒச்சப்பன்.

"முதல்ல யாரு கட்டுறதுன்னு சண்டை வரும். குடும்பத்தைக் கெடுத்த பாவம் நமக்கு எதுக்கு?" என்றான் கொண்டல்.

"அப்போ பெஞ்சு. ரெண்டு பேரும் உட்காரலாம்."

தவசி தாடையைத் தடவினான். "அவரு வேலைக்குப் போனதும் அவ மட்டும் உட்காருவாளே. அது அவளுக்குத் தனியா குடுத்த மாதிரிதானே?"

இப்படியொரு சிக்கலை மற்ற இருவரும் எதிர்பார்க்கவில்லை. பொழுதெல்லாம் யோசித்து, கடைசியில் தவசியே வழி கண்டுபிடித்தான். பெஞ்சுக்கு நடுவில் ஒரே ஒரு கால். இருபுறமும் ஆள் இருந்தால் நிற்கும், ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் கவிழ்ந்துவிடும். தச்சர் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார். பிறகு தலையெழுத்தே என்று செய்து கொடுத்தார்.

போன நேரத்தில் நல்லபெருமாள் வீட்டில் இல்லை.

"உள்ள வாங்கடா," என்றாள் செங்கமலம்.

"அவரு வரட்டும்," என்று தெருவிலேயே பெஞ்சைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். பந்தல்காரர்கள் என்று நினைத்து, யார் வீட்டில் விசேஷம் என்று போகிறவர்கள் விசாரித்தார்கள்.

நல்லபெருமாள் வந்ததும் உள்ளே போய்ப் பெஞ்சை அவர் கையிலேயே கொடுத்தார்கள். அவர் தள்ளாடி ஒரு வழியாக அதை நிறுத்தி, மரியாதைக்கு ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் தரையில் கிடந்தார்.

"நல்லா வேலை செய்யுது," என்றான் தவசி. அவனுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

சிராய்த்த முழங்கையைக் கழுவ அவர் கொல்லைப்பக்கம் போனார். உடனே மூவரும் தெருவுக்கு ஓடினார்கள். அவர் திரும்பி வந்ததும் உள்ளே வந்தார்கள். அவர் கலர் வாங்கக் கடைக்குக் கிளம்பினார், மறுபடி ஓடினார்கள். பாட்டிலோடு வந்தவர், வாசலில் மூச்சிரைக்க நின்றவர்களைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார். தவசி அக்கா சொன்னதையெல்லாம் ஒப்பித்தான். மனுஷன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"எதுக்கு இந்தக் கூச்சம்? எப்ப வேணாலும் வாங்க. இதை உங்க வீடா நினைச்சுக்கோங்க."

தவசிக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாள் மனசை அரித்த பயம் போன இடம் தெரியவில்லை. உள்ளே போய், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்தான். கலர் குடித்து, ஊர்க்கதை பேசி முடித்த பிறகும் செங்கமலமும் நல்லபெருமாளும் அங்கேயே இருந்தார்கள்.

"பொழுது சாயுது," என்று கொண்டல் அவன் காதைக் கடித்தான். "இவங்க எப்பக் கிளம்புவாங்க?"

"வந்தவங்களை நாமளா போகச் சொல்றது நல்லாவா இருக்கு?" என்றான் தவசி.

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். இருவரும் அசைகிற வழியாயில்லை. வேறு வழியில்லாமல் எழுந்து, சாமி மாடத்திலிருந்து குங்குமமும் வெற்றிலை பாக்கும் எடுத்து, முறைப்படி நல்லபெருமாள் கையில் கொடுத்தான். ஒன்றும் புரியாமல் விழித்த இருவரையும் பக்குவமாக வாசல் வரை கூட்டிக்கொண்டு போனான்.

"இருட்டுறதுக்குள்ள கிளம்பினாத்தான் பஸ் கிடைக்கும், அண்ணே. செங்கமலத்தைப் பார்த்துக் கூட்டிட்டுப் போங்க. கூச்சப்படாம அடிக்கடி வாங்க, இதை உங்க வீடா நினைச்சுக்கோங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.