நல்ல சாப்பாடு எந்தக் கடையில்?

“ஏம்மா, இவ்வளவு பெரிய விமான நிலையத்துல உடம்புக்கு ஆகுற சாப்பாடு ஒண்ணுகூடவா கிடையாது?”

கேட்டவர் கோதண்டம். வயது ஐம்பத்தெட்டு. அறந்தாங்கியில் அரிசி ஆலை வைத்திருக்கிறார். சர்க்கரை வியாதி வந்த பிறகு, பதினோரு வருஷமாக அரிசியை விற்க மட்டுமே செய்கிறார்.

அவர் கேட்டது மெய்யம்மையிடம். அவரைவிடப் பதினாறு வயது இளையவர். ஆனாலும் கோதண்டத்துக்கு அவர்தான் குரு. டெல்லியில் குரு பேசப்போகும் கூட்டத்துக்குத் தானும் வருவேன் என்று அடம்பிடித்துக் கிளம்பி வந்திருந்தார்.

“பசிக்குதா?” என்றார் மெய்யம்மை.

“பசியை விடுங்கம்மா. இட்லிக்கடையில பார்த்தேன், அத்தனையும் அரிசி. பக்கத்துக் கடையில எதை எடுத்தாலும் மைதா.”

“பசிக்குதான்னு கேட்டேன்.”

கோதண்டத்துக்கு எரிச்சலாக வந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லாத குருவை என்ன செய்வது? திரும்பி நடந்தார்.

அவர் அவசரம் அவருக்கு. வீட்டில் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு கை கழுவி வந்தால் தட்டு தயாராக இருக்கும். ஒருநாள்கூடத் தவறியதில்லை. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் முதலில் ஊசியைப் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் தட்டைத் தேடினார். மனைவி கட்டிக்கொடுத்த சப்பாத்தி, வந்த காரோடு போய்விட்டிருந்தது.

ஊசி போட்டால் அரைமணிக்குள் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் மயங்கி விழுவீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கோதண்டத்துக்கு அது மறக்கவில்லை. ஆனால் கண்டதையும் தின்னக்கூடாது என்று சொன்னவரும் அதே டாக்டர்தானே!

பழச்சாறு டப்பாவை எடுத்தார். கண்ணாடியை மாட்டிப் பொடி எழுத்தைப் படித்தார். வைத்துவிட்டார். பாதாமில் உப்பு. காய்கறிக் கிண்ணத்தின் மேல் ஏதோ வெள்ளையாக ஊற்றியிருந்தார்கள். அது என்னவென்று கடைக்காரப் பெண்ணுக்கே தெரியவில்லை.

அடுத்த கடை. அதற்கடுத்த கடை. கால்கள் இவரைக் கேட்காமலே வேகமாக நடந்தன. பொடி எழுத்து நெளிய ஆரம்பித்தது. கண்ணாடியைத் துடைத்தார். அப்போதும் நெளிந்தது.

மறுபடி குருவிடம் வந்து நின்றார்.

“எல்லாம் விஷம்மா,” என்றார். நாக்கு குழறியது.

மெய்யம்மை நிமிர்ந்து பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை. அந்த ஏ.சி. குளிரில் வியர்வை.

“ஊசி போட்டாச்சா?”

“அப்பவே.”

மெய்யம்மை எழுந்து ஓடினார். வேகமாக நடந்துகூடப் பார்த்திராத குரு ஓடுவதைப் பார்த்து, தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கோதண்டம் முதல்முறையாகப் பயந்தார். அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

டீக்கடையிலிருந்து ஒரு பிடி சீனிப் பொட்டலங்களோடு ஓடி வந்தார் மெய்யம்மை. ஒன்றைப் பல்லால் கிழித்து அவர் வாயருகே நீட்டினார்.

கோதண்டம் தலையை ஆட்டி மறுத்தார். “எனக்குச் சீனி ஆகாதும்மா.”

“சீனி ஆகாதவர் ஊசி போடுறதுக்கு முன்னாடி இருந்தார். இப்ப என் முன்னால இருக்கிறவர் வாயைத் திறக்கட்டும்.”

கோதண்டம் வாயைத் திறந்தார்.

ஒன்று. இரண்டு. நான்காவது பொட்டலத்தில் வியர்வை அடங்கியது.

எது உடனே கிடைக்குமோ அதைக் கொடு என்று கேட்டு மெய்யம்மை வாங்கி வந்தது ரவை உப்புமா. அதில் என்ன எண்ணெய், எவ்வளவு எண்ணெய் என்று கோதண்டம் கேட்கவில்லை. குனிந்து சாப்பிட்டார். கண்ணில் நீர் வந்தது. அதைத் துடைக்கக்கூட நிறுத்தவில்லை.

பாதித் தட்டு காலியானதும் மெய்யம்மை கேட்டார். “எப்படி இருக்கு?”

வீட்டிலும் மனைவி தினம் இதைத்தான் கேட்பாள். அவர் அன்றைய சர்க்கரை அளவைச் சொல்லுவார்.

இப்போது கோதண்டம் ஒரு வாயை நிதானமாக மென்றார்.

“உப்பு கொஞ்சம் கம்மி,” என்றார்.

மெய்யம்மை நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

“சாப்பிட ஆரம்பிச்சிட்டீங்க.”