ரயிலேற வேண்டியவர்

வெண்மணல்துறை கால்பந்து கிளப்புக்குக் கோச்சுகள் மாலையோடு வருவார்கள், பெட்டியோடு போவார்கள். கூட்டிவருவதும் கொண்டுவிடுவதும் டிரைவர் வியாகுலம்தான். "தோத்தா, டீம் போட்டவன அன்னைக்கே ரயிலேத்திரு" என்பது கிளப் தலைவர், ஐஸ் கம்பெனி கிரகோரி முதலாளியின் மாறாத உத்தரவு.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் தோல்விதான். கோச் மைதானத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருக்க, முதலாளி வீட்டுக்குக் கிளம்பினார். பின்சீட்டில் சாய்ந்தபடி பொருமினார்.

"ஏலே வியாகுலம், எந்தக் கோச்சு வந்தாலும் நம்ம கிளப்புல மட்டும் ஏன்லே தோக்கான்? வீடு போய்ச் சேருமுன்ன காரணம் சொல்லணும். இல்லன்னா சாவிய வச்சிட்டுப் போயிரு."

வியாகுலத்துக்கு அந்தச் சாவிதான் சோறு. காரணமும் தெரியும். காலையில் இதே பின்சீட்டிலிருந்துதான் முதலாளி போனில் பதினொரு பேரையும் சொன்னார், மருமகன் பெயரை முதலாவதாக. "சரிங்க" என்றது மட்டும்தான் கோச்சின் வேலை. ஆனால் அதை முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

வீடு வந்தது. வண்டி நிற்கவில்லை.

"லேய், வீடு தாண்டிட்டுல்லா! எங்கலே போற?"

"ஸ்டேஷனுக்கு, முதலாளி."

"கோச்சு வண்டியில இல்லியே, யாரலே ரயிலேத்தப் போற?"

"உங்க உத்தரவுப்படி, டீம் போட்டவங்களத்தான்."

ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் கடந்துபோய், அதன் சத்தமும் தேய்ந்து அடங்கியது.

"திருப்புலே வண்டிய."

"வீட்டுக்கா, முதலாளி?"

"மைதானத்துக்கு. அந்த மனுசன் பெட்டியோட நிப்பான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோச் போட்ட டீம் ஆடியது. மருமகன் வெளியே உட்கார்ந்து கடலை கொறித்தான். சாவி, வியாகுலத்தின் விரலில் சுழன்றுகொண்டிருந்தது.