ஓய்வெடுத்த மேலாளர்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிச் செல்பவள் இசக்கியம்மாள். புது மேலாளர் ஆளவந்தார் வந்ததும் ஊழியர்கள் கையில் எல்லாம் கடிகாரம் போலத் திரை வைத்த ஒரு பட்டை கட்டினார். யார் எவ்வளவு உடம்பை அசைத்து வேலை செய்கிறார்கள் என்று அது சொல்லுமாம்.

வாரக் கடைசியில் அவளைக் கூப்பிட்டார். "நீ முக்கால்வாசி நேரம் ஓய்வுலதான் இருந்திருக்கே. நாளையிலிருந்து வர வேண்டாம்."

"கம்பியைப் பிடிச்சுத் தள்ளுறப்ப கை அசையாது சார்."

"கருவி பொய் சொல்லாதும்மா."

இசக்கி கும்பிட்டாள். "அப்போ எனக்குத்தான் தள்ளத் தெரியலை. பட்டையைக் கட்டிக்கிட்டு நீங்களே ஒரு தடவை தள்ளிக் காட்டுங்க சார். கத்துக்கிறேன்."

ஊழியர்கள் கூடிவிட்டார்கள். மறுக்க மேலாளருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பட்டையைக் கட்டினார். இசக்கி ஸ்ட்ரெச்சரில் ஏறி மகாராணி போலப் படுத்துக்கொண்டாள். சாய்தளத்தில் ஏறி மாடிக்கு வருவதற்குள் அவர் சட்டை நனைந்து மூச்சு இரைத்தது.

அவள் எழுந்து உட்கார்ந்து பட்டையின் திரையைப் படித்தாள். "ஓய்வில் இருக்கிறார்னு போட்டிருக்கு. இது நிஜமா சார், இல்லை நீங்க தள்ளினது நிஜமா?"

மேலாளர் பட்டையைக் கழற்றினார். மாலைக்குள் எல்லோர் கையிலிருந்தும் அது இறங்கியது.

"சார் எப்படித் தள்ளினார்?" என்று மறுநாள் ஒரு நர்ஸ் கேட்டாள்.

இசக்கி தலை நிமிர்ந்து அடுத்த நோயாளியைத் தள்ளியபடி சொன்னாள்: "பரவாயில்லை. ஆனா என் அளவுக்கு வராது."